விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா? சுற்றும் வட்டத்துக்குப் பின்னால் நடப்பது என்ன?

இரவு மணி 11.20. கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்துக்கு இன்றே கடைசி நாள். மதிப்பெண், சாதிச் சான்று எண், முகவரி எல்லாவற்றையும் மகள் போனிலேயே நிரப்பிவிட்டாள். கட்டணமும் யு.பி.ஐ.யில் கட்டியாயிற்று. பணம் எடுக்கப்பட்டதாக வங்கியிலிருந்து எஸ்.எம்.எஸ்.ஸும் வந்துவிட்டது. கடைசியாக ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்துகிறாள். திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. அரை நிமிடம் கழித்து, “இணைப்பு துண்டிக்கப்பட்டது, மீண்டும் முயலவும்” என்று ஒரு வரி வருகிறது.

“அம்மா, போயிடுச்சா போகலையான்னே தெரியல!”

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ராத்திரி வந்திருக்கும். அந்த நேரத்தில் பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். சிலர் பதற்றத்தில் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள், பணத்தையும் இன்னொரு முறை கட்டிவிடுவார்கள். வேறு சிலர் “பணம் போயிடுச்சுல்ல, விண்ணப்பமும் போயிருக்கும்” என்று நம்பிப் போனை வைத்துவிடுவார்கள். இரண்டுமே தப்பாகப் போகலாம். அந்த வட்டம் சுற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால், அடுத்து என்ன செய்வது என்பதும் தெரிந்துவிடும். இந்தக் கட்டுரை அதைத்தான் சொல்கிறது.

முதலிலேயே ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் திரையில் இருப்பது ஒரு நகல்தான். பதிவேட்டில் ஏறியதுதான் பதிவு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் பாலம் எந்த நொடியிலும் அறுந்து போகலாம்.

உங்கள் போன் பதிவேட்டைத் தொடுவதே இல்லை

தாலுகா அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். நீங்கள் நேராகப் பதிவறைக்குள் போய்ப் பதிவேட்டைப் புரட்ட முடியாது. கவுன்ட்டரில் மனு கொடுப்பீர்கள். அங்கிருக்கும் எழுத்தர் அதைச் சரிபார்த்து உள்ளே எடுத்துப் போவார், பதிவேட்டில் எழுதுவார், ரசீதோடு திரும்பி வருவார்.

இணையச் சேவையும் இதே மாதிரிதான். உங்கள் போனில் இருக்கும் ஆப்தான் மனு எழுதும் இடம். தொலைவில் ஒரு தரவு மையத்தில் இருக்கும் சர்வரில் ஓடும் நிரல்தான் எழுத்தர். அதற்கும் பின்னால் பூட்டிய அறையில் இருக்கும் பதிவேடுதான் தரவுத்தளம், அதாவது டேட்டாபேஸ். வரிசைகளும் பத்திகளும் கொண்ட அட்டவணைகளாகத் தகவலைச் சேமிக்கும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்த எட்கர் காட் 1970-ல் முன்வைத்தார். இன்று வங்கி, ரயில் முன்பதிவு, அரசுச் சேவை எதை எடுத்தாலும் பெரும்பாலும் அந்த முறைதான் அடித்தளம்.

“போனிலிருந்து நேரா டேட்டாபேஸுக்கே அனுப்பிட்டா வேகமா இருக்காதா?” என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் பதிவறைச் சாவியை ஒவ்வொரு போனுக்குள்ளும் வைக்க வேண்டியிருக்கும். ஒரு போனிலிருந்து சாவியை எடுத்துவிட்டால் போதும், ஊரில் உள்ள எல்லோருடைய விவரமும் திறந்துவிடும். அதனால்தான் சாவி சர்வரிடம் மட்டும் இருக்கிறது. நீங்கள் யார், எதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி உண்டு என்று ஓ.டி.பி. வழியாகச் சரிபார்த்த பிறகுதான் அது உள்ளே போகிறது.

உள்ளே போகும் வழி

சர்வரில் இருக்கும் நிரல் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் வேலை செய்கிறது:

1. தரவுத்தளத்தோடு பேச ஓர் இணைப்பைப் பெறுகிறது.
2. பயனர் பெயர், கடவுச்சொல் காட்டித் தன்னை அடையாளப்படுத்திக்கொள்கிறது.
3. “இந்த விண்ணப்ப எண்ணுக்குரிய வரிசையைக் கொடு” அல்லது “இந்த விவரத்தை எழுது” என்று கேட்கிறது. இதற்கென்றே உள்ள மொழிதான் எஸ்.கியூ.எல்.
4. பதிலை வாங்கிக்கொள்கிறது.
5. இணைப்பைத் திருப்பிக் கொடுக்கிறது.

இதில் ஐந்தாவது படி ரொம்ப முக்கியம். தரவுத்தளம் ஒரே நேரத்தில் எத்தனை பேரோடு பேசலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. பலரும் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை நிறுவியவுடன் இருக்கும் எல்லை 100 இணைப்புகள். மைஎஸ்கியூஎல் மென்பொருளில் அது 151. பெரிய சேவைகள் இதைக் கூட்டி வைத்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு இணைப்புக்கும் நினைவகம் தேவை என்பதால் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது.

அப்படியானால் லட்சக்கணக்கான பேருக்கு எப்படிச் சமாளிக்கிறார்கள்? அரசு மருத்துவமனை வாசலில் இருக்கும் சக்கர நாற்காலிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக ஒன்று வாங்குவதில்லை. கொஞ்சம் நாற்காலிகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். தேவைப்படுபவர் எடுத்துக்கொள்வார், வேலை முடிந்ததும் திருப்பி விடுவார், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். சர்வரும் இதே போல முன்கூட்டியே திறந்த இணைப்புகளைத் தொகுப்பாக வைத்திருக்கிறது. ஒரு கேள்விக்குப் பொதுவாக நொடியில் ஒரு சிறு பகுதிதான் ஆகும். அதனால் ஒரே இணைப்பு ஒரு நிமிடத்தில் பல நூறு பேருக்கு உதவிவிடும்.

சிக்கல் வருவது கடைசி நாளில்தான். பொதுத்தேர்வு முடிவு வரும் காலையிலும், விண்ணப்பம் முடியும் ராத்திரியிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறோம். நாற்காலிகள் எல்லாம் உள்ளே போயிருக்கும், மற்றவர்கள் காத்திருப்பார்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் காத்திருந்தால், “நேரம் கடந்துவிட்டது” என்று சர்வரே கைவிட்டுவிடும். உங்கள் திரையில் சுற்றும் வட்டத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். உங்கள் போனில் கோளாறு இல்லை, உங்கள் விண்ணப்பத்திலும் தப்பில்லை. வரிசை நீளம், அவ்வளவுதான். இதே விண்ணப்பம் நான்கு நாள் முன்பு காலை ஏழு மணிக்குச் சட்டென்று போயிருக்கும்.

நகல் உங்களிடம், இணைப்பு எப்போதோ போய்விட்டது

ஒரு படிவத்தை நிரப்ப உங்களுக்கு இருபது நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் பக்கத்து அறைக்குப் போய் ஆதார் அட்டையைத் தேடுகிறீர்கள், போட்டோ எடுக்கிறீர்கள், ஒரு போன் வருகிறது, பேசுகிறீர்கள். இந்த இருபது நிமிடமும் உங்களுக்காக ஓர் இணைப்பைப் பிடித்து வைத்திருந்தால், நாற்காலியில் உட்காராமலே அதை வீட்டுக்கு எடுத்துப் போன மாதிரி ஆகிவிடும். மற்ற எல்லோரும் வாசலில் நிற்பார்கள்.

அதனால் நிரல் எழுதுகிறவர்கள் வேறு வழியைக் கையாளுகிறார்கள். நீங்கள் பக்கத்தைத் திறக்கும்போது, தேவையான விவரத்தைத் தரவுத்தளத்திலிருந்து படித்து, ஒரு நகலாக உங்களுக்கு அனுப்பிவிட்டு, இணைப்பை உடனே விட்டுவிடுகிறார்கள். நீங்கள் நிரப்புவது, திருத்துவது, அழிப்பது எல்லாம் அந்த நகலில்தான் நடக்கிறது. ‘சேமி’ அல்லது ‘சமர்ப்பி’ என்று அழுத்தும்போதுதான் புதிதாக இன்னோர் இணைப்பு எடுக்கப்பட்டு, மாற்றங்கள் பதிவேட்டுக்குப் போகின்றன. இதைத் தொடர்பறுந்த தரவு என்று சொல்லலாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2002-ல் வெளியிட்ட டாட் நெட் தொகுப்பில், இதற்கென்றே டேட்டாசெட் என்ற ஒரு பெட்டியை நிரலாளர்களுக்குக் கொடுத்தது. அட்டவணைகளை அதில் நகலாக எடுத்துக்கொண்டு, தொடர்பை விட்டுவிட்டு, திருத்தி முடித்த பிறகு மாறிய வரிசைகளை மட்டும் திருப்பி எழுதலாம். இன்று மொழிகளும் கருவிகளும் மாறிவிட்டாலும் யோசனை அதேதான்.

இதிலிருந்து உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று: நீங்கள் தட்டச்சு செய்தது எதுவும், ‘சேமி’ என்று அழுத்தி அதற்குப் பதில் வரும் வரை, சர்வருக்குத் தெரியாது. நீளமான படிவத்தில் ‘வரைவாகச் சேமி’ என்று ஒரு வசதி இருந்தால் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அதை அழுத்திவிடுங்கள்.

இரண்டு: “உங்கள் அமர்வு முடிந்துவிட்டது, மீண்டும் உள்நுழையவும்” என்று வந்தால் எரிச்சல் வேண்டாம். நீங்கள் உள்நுழைந்தபோது சர்வர் ஒரு தற்காலிக அனுமதிச் சீட்டு கொடுத்திருக்கும். கொஞ்ச நேரம் நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் அந்தச் சீட்டு காலாவதியாகிவிடும். பொதுக் கணினியில் நீங்கள் எழுந்து போன பிறகு வேறொருவர் வந்து உட்கார்ந்தால், உங்கள் விவரம் அவர் கைக்குப் போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

ஒரே அட்டை, இரண்டு நகல்

இப்படி நகல் எடுத்துப் போவதில் ஒரு வம்பு உண்டு. காலை பத்து மணிக்கு மகன் சென்னையில் தன் போனில் குடும்ப அட்டை விவரத்தைத் திறக்கிறான், குழந்தையின் பெயரைச் சேர்ப்பதற்காக. அதே பத்து மணிக்கு அப்பா ஊரில் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து, அதே அட்டையில் மொபைல் எண்ணை மாற்றுகிறார். இருவரிடமும் இருப்பது பத்து மணி நகல். அப்பா 10.05-க்குச் சேமிக்கிறார். மகன் 10.10-க்குச் சேமிக்கிறான். மகனின் நகலில் பழைய மொபைல் எண்தானே இருக்கிறது? அவன் நகல் முழுவதும் அப்படியே மேலே எழுதப்பட்டால், அப்பா மாற்றிய எண் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். அப்புறம் ஓ.டி.பி. பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும். அப்பாவோ, “நான்தான் மாத்திட்டேனே” என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

நல்ல நிரல் இதைத் தடுக்க ஓர் எளிய வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் ஒரு பதிப்பு எண் இருக்கும். நகல் கொடுக்கும்போது அந்த எண்ணும் சேர்ந்து போகும், 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். சேமிக்க வரும்போது, “பதிவேட்டில் இன்னும் 7 இருந்தால் மட்டும் எழுது, எழுதியதும் 8 ஆக்கு” என்று நிரல் சொல்லும். அப்பா சேமித்ததும் அது 8 ஆகிவிட்டது. மகன் 7-ஐக் கொண்டு வரும்போது பொருந்தாது. உடனே, “இந்த விவரம் வேறொருவரால் மாற்றப்பட்டுள்ளது, பக்கத்தைப் புதுப்பிக்கவும்” என்று செய்தி வரும்.

அந்தச் செய்தி வந்தால் கோளாறு என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டில் ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் அழித்துவிடாமல் அது காப்பாற்றுகிறது. பக்கத்தைப் புதிதாகத் திறந்து, புதிய விவரம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உங்கள் மாற்றத்தை மறுபடி செய்யுங்கள். அதைவிட நல்லது, ஓர் அட்டையில் ஒரு நேரத்தில் வீட்டில் ஒருவர் மட்டும் கை வைப்பது.

பேருந்து இருக்கை பதிவு செய்யும்போது வேறு முறையைப் பார்த்திருப்பீர்கள். இருக்கையைத் தேர்ந்தெடுத்ததும் சில நிமிடங்களுக்கு அது உங்களுக்காகப் பூட்டப்படும். அதற்குள் பணம் கட்டாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். ஒரே பொருளுக்குப் பலர் போட்டி போடும் இடத்தில் முன்கூட்டியே பூட்டுவது நல்லது. குடும்ப அட்டை மாதிரி எப்போதாவது மோதல் வரும் இடத்தில் பதிப்பு எண்ணே போதும்.

பணம் போனது, எண் வரவில்லை: ஏன்?

தரவுத்தளத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒரு வேலையில் நான்கு படிகள் இருந்தால், நான்கும் நடக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமே நடக்கக் கூடாது. பாதி எழுதிய நிலையில் மின்சாரம் போனாலும், திரும்பி வந்ததும் அந்தப் பாதியை அழித்துவிட்டுப் பழைய நிலைக்கே போய்விடும். இதைப் பரிவர்த்தனை என்பார்கள். இதற்கு உறுதியான அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஜிம் கிரே என்ற அமெரிக்கக் கணினி விஞ்ஞானிக்கு 1998-ல் டூரிங் விருது கிடைத்தது.

விதி அவ்வளவு கண்டிப்பானது என்றால், பணம் மட்டும் போய், விண்ணப்ப எண் வராமல் இருப்பது எப்படி? காரணம், பணம் இருப்பது வங்கியின் பதிவேட்டில், விண்ணப்பம் இருப்பது துறையின் பதிவேட்டில். இரண்டும் வேறு வேறு கட்டடம். ஒரே கையெழுத்தில் இரண்டையும் சேர்த்து முடிக்க முடியாது. வங்கியில் பணம் கழிந்து, “கட்டியாச்சு” என்ற தகவல் துறைக்கு வரும் வழியில் தொடர்பு அறுந்தால், ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். பின்னர் இரண்டு பக்கக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சரிசெய்வார்கள்.

இப்படிப்பட்ட நிலைமைக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு கால வரம்பு வகுத்தது. யு.பி.ஐ. வழியாகக் கட்டணம் செலுத்தி, உங்கள் கணக்கில் பணம் கழிந்து, பெறுநர் பக்கத்துக்கு உறுதிப்படுத்தல் போய்ச் சேரவில்லை என்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது உங்கள் உரிமை. இதைக் கேட்க உங்களுக்குத் தேவையானது யு.பி.ஐ. பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண். உங்கள் யு.பி.ஐ. ஆப்பில் அந்தக் கட்டணத்தைத் தொட்டால் அந்த எண் தெரியும். பணம் துறைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது, விண்ணப்ப எண் மட்டும்தான் உருவாகவில்லை என்றால், அதே எண்ணோடு அந்தச் சேவையின் உதவி மையத்தை அணுகுங்கள்.

மறுபடி அழுத்தலாமா?

இப்போது அந்த 11.20 மணிக்குத் திரும்பி வருவோம். “இணைப்பு துண்டிக்கப்பட்டது” என்ற செய்திக்குப் பின்னால் மூன்று கதைகள் இருக்கலாம்.

முதல் கதை: உங்கள் மனு சர்வருக்குப் போகவே இல்லை.
இரண்டாவது கதை: போனது, ஆனால் உள்ளே எழுதும்போது தடைபட்டு, எதுவும் எழுதப்படாமல் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது.
மூன்றாவது கதை: எல்லாம் முடிந்து பதிவேட்டில் ஏறிவிட்டது. “ஏறிவிட்டது” என்று திரும்பி வந்த பதில்தான் வழியில் தொலைந்துவிட்டது.

உங்கள் போனில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். போனாலும் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை திரும்பி வராததை வைத்து, கடிதம் போகவில்லை என்று சொல்லிவிட முடியுமா? கடிதம் போய்ச் சேர்ந்து, அட்டை மட்டும் தொலைந்திருக்கலாம்.

நன்றாக எழுதப்பட்ட ஆப், ஒவ்வொரு சமர்ப்பிப்புக்கும் தானே ஒரு தனி எண்ணை ஒட்டி அனுப்பும். அதே எண் இரண்டாவது முறை வந்தால், “இது ஏற்கெனவே பதிவானது” என்று சர்வர் பழைய ஒப்புகையையே திருப்பிக் கொடுக்கும். அப்போது நீங்கள் பத்து முறை அழுத்தினாலும் விண்ணப்பம் ஒன்றுதான். ஆனால் நீங்கள் பயன்படுத்தும் சேவையில் இந்த ஏற்பாடு இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் அழுத்தும் முன் பார்த்துவிடுவதே பாதுகாப்பு. வெளியேறி, மறுபடி உள்நுழைந்து, ‘என் விண்ணப்பங்கள்’ அல்லது ‘நிலையை அறிய’ என்ற பகுதியைத் திறங்கள். அங்கே வருவது பதிவேட்டிலிருந்து புதிதாகப் படித்த விவரம். எண் அங்கே இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் மறுபடி சமர்ப்பியுங்கள். பணத்தை மட்டும், ‘கட்டண நிலை’ என்ன என்று பார்க்காமல் திரும்பக் கட்டாதீர்கள்.

நெட் இல்லாத மலையில்

மலைக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் பணியாளருக்கு எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. அவர் ஆப் எப்படி வேலை செய்கிறது? போனுக்குள்ளேயே ஒரு குட்டித் தரவுத்தளம் இருக்கிறது. எஸ்கியூலைட் என்று பெயர். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ல் உருவாக்கியது. ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் இது உண்டு. சிக்னல் இல்லாதபோது விவரம் அதில் வரிசையாகச் சேரும். சிக்னல் வந்ததும் ஒவ்வொன்றாகச் சர்வருக்குப் போகும். போய்ச் சேர்ந்ததற்குப் பதில் வந்த பிறகுதான் வரிசையிலிருந்து நீக்கப்படும்.

இதை நீங்கள் தினமும் வாட்ஸ்அப்பில் பார்க்கிறீர்கள். கடிகாரக் குறி இருந்தால் செய்தி இன்னும் உங்கள் போனில்தான் இருக்கிறது. ஒரு டிக் வந்தால் சர்வருக்குப் போய்விட்டது. இரண்டு டிக் வந்தால் அவர் போனுக்கே போய்விட்டது. கடிகாரம் இருக்கும்போது, “நான் அனுப்பிட்டேனே” என்று யாரும் சொல்வதில்லையே. விண்ணப்பத்துக்கும் அதே கணக்குதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆப் மெதுவாக இருக்கிறது என்று சிலர் அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள், அல்லது அமைப்புகளுக்குப் போய் ஆப்பின் தரவை அழித்துவிடுவார்கள். அனுப்பப்படாமல் போனிலேயே காத்திருந்த விவரமும் அதோடு போய்விடும். சர்வரில் இல்லாததை யாராலும் மீட்டுத் தர முடியாது. ‘அனுப்பக் காத்திருப்பவை’ என்ற பட்டியல் காலியான பிறகே அப்படிச் செய்யுங்கள்.

சான்றிதழும் ஒரு நகல்தான்

நீங்கள் பதிவிறக்கிய வருமானச் சான்றோ பட்டாவோ, அந்த நாளில் பதிவேட்டில் இருந்ததன் நகல். பட்டா வேறு பெயருக்கு மாறினாலும், உங்கள் போனில் இருக்கும் பழைய பி.டி.எஃப். தானாக மாறாது. அதனால்தான் சான்றிதழில் எண்ணும் கியூ.ஆர். குறியும் அச்சிடுகிறார்கள். வாங்குபவர் அதைக் கொண்டு, பதிவேட்டில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நிலம் வாங்கும்போது, விற்பவர் காட்டும் காகிதத்தை மட்டும் நம்பாமல், நீங்களே ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையதளத்தில் பட்டாவைப் புதிதாக எடுத்துப் பாருங்கள். பழைய நகலை நம்பி முன்பணம் கொடுத்துவிட்டுப் பின்னால் அலைவதை இந்த ஐந்து நிமிட வேலை தவிர்க்கும்.

கையில் வைத்துக்கொள்ள

• கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். முடிந்தால் காலை நேரத்தில் விண்ணப்பியுங்கள்.
• ஆவணங்களையும் போட்டோவையும் முதலிலேயே தயாராக வைத்துக்கொண்டு படிவத்தைத் திறங்கள்.
• ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் வரைவாகச் சேமியுங்கள்.
• ஒப்புகை எண் வரும் வரை வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். பணம் கழிந்த எஸ்.எம்.எஸ். ஒப்புகை ஆகாது.
• எண் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஒரு காகிதத்திலும் எழுதி வையுங்கள்.
• வட்டம் நின்றுபோனால் முதலில் நிலையைப் பாருங்கள், பிறகு மறுபடி அழுத்துங்கள்.
• பணம் போய் எண் வரவில்லையென்றால் 12 இலக்கக் குறிப்பு எண், தேதி, நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.
• உதவி எண்ணை அந்தச் சேவையின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்தே எடுங்கள். தேடலில் வரும் ஏதோ ஓர் எண்ணுக்கு அழைத்து ஓ.டி.பி., பின் எண் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.
• அரசுச் சேவையில் குறை தீரவில்லையென்றால் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் புகார் சொல்லலாம்.

அந்த வீட்டில் இப்போது மணி 11.26. மகள் மறுபடி அழுத்தப் போன விரலை அம்மா தடுக்கிறார். “இரு, முதல்ல உள்ள போய்ப் பாரு.” வெளியேறி, புதிதாக ஓ.டி.பி. வாங்கி, ‘என் விண்ணப்பங்கள்’ பகுதியைத் திறக்கிறாள். விண்ணப்ப எண் இருக்கிறது. பக்கத்திலேயே ‘சமர்ப்பிக்கப்பட்டது, 11.21’ என்று நேரமும் இருக்கிறது. நடந்தது மூன்றாவது கதைதான், திரும்பி வந்த பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தது. மகள் அந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொள்கிறாள். ஒருவேளை எண் அங்கே இல்லாமல் இருந்திருந்தாலும், மறுபடி சமர்ப்பிக்க இன்னும் முப்பத்து நான்கு நிமிடம் அவள் கையில் இருந்தது.